எதிர்த்த வீட்டுக் கதவு

வாங்க ஐயரம்மா, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எதிர்த்த வீட்டுக்குப் போயிட்டுத்தான வாரீங்க? இல்ல, சும்மா கேட்டேன். சன்னல் வழியா பாத்தேன். பாக்கணும்னு பாக்கல, சன்னல் அங்ஙனதான இருக்கு, நான் என்ன செய்ய. அரை மணி நேரம் இருந்தீங்க. இருங்க, அதுல என்ன தப்பு. எல்லாரும் அங்க போயிட்டுத்தான் இங்க வருவாவ. போன பாஸ்டர் ஐயரும் அப்படித்தான், அதுக்கு முந்துன ஐயரும் அப்படித்தான். நீங்க இந்தச் சபைக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, உங்களுக்கு யாரு முறைய சொல்லித் தரப் போறா. நான் மூத்தவ. பெரியவன் பொண்டாட்டி. அந்த எமிலி எங் கொழுந்தன் பொண்டாட்டி. முதல்ல இங்க, பொறவு அங்க. அதான் முறை.

காப்பி அங்க குடிச்சிருப்பீங்க. சீனி போட்டுத் தந்திருப்பா. நான் கருப்பட்டி போட்டுத் தாரேன், குடிச்சுப் பாத்துட்டு எது நல்லாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டாலும் பரவால்ல.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஜெயசிங் விஷயம். இந்த வாரம் ஞாயித்துக்கிழமை திருவிருந்து. அவன் பீடத்து முன்னால வந்து முழங்கால் போடணும்னா நான் ஒரு வார்த்தை சொல்லணும். ‘பெரியக்காகிட்ட பேசிப் பாருங்க’ன்னு எமிலி சொல்லி அனுப்பிருக்கா. அவ அனுப்பலியா? ஐயர் அனுப்புனாவளா? சரி, யார் அனுப்புனா என்ன. அவ கதைய கேட்டுட்டு வந்திருக்கீங்க. அவ கதைய எல்லாரும் கேட்டாச்சு. கன்வென்ஷன் பந்தல்ல மைக்கு வச்சே கேட்டாச்சு. எங் கதைய இந்த ஆறு வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. இன்னைக்கு நீங்க கேளுங்க.

உங்க கோயம்புத்தூர் பக்கம் அசனம் உண்டுமா? கிடையாதா? இங்க வருஷத்துக்கு ஒருக்கா சபை முழுக்க ஆலயத்து வளாகத்துல பந்தியில உக்காந்து ஒண்ணாச் சாப்பிடும். பணக்காரன், கூலிக்காரன், மேலத் தெரு, கீழத் தெரு எல்லாம் ஒரே பந்தி. ஆம்பளைகதான் சமைப்பாவ. அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரவியளும் கொழுந்தனும் ஒரே வண்டியில வாழை இலை எடுக்கப் போனாவ. எங்க வீட்டுக்காரவிய பேரு பாக்கியநாதன். கொழுந்தன் பேரு சாலமோன். அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால இலைக்கட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். திரும்பி வரும்போது பம்புசெட்டு வளைவுல ஜெயசிங் லோடு வேன் வந்து அடிச்சுட்டு. போன் பேசிக்கிட்டே வந்திருக்கான். அவனும் அசனத்துக்குத்தான் வந்தான். அரிசி மூடை கொண்டு வந்தான். அவன் சபைக் கமிட்டி மெம்பர் அப்போ, மூணு வேனுக்கு முதலாளி.

எங்க வீட்டுக்காரவிய அந்த இடத்துலயே முடிஞ்சுட்டாவ. ஆம்புலன்ஸ் வர முக்கா மணி நேரம். அது வரைக்கும் ரோட்டுலதான் கெடந்தாவ, வாழை இலைய மேல மூடி வச்சிருந்தாங்க. கொழுந்தன் ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தான், பொறவு அவனும் போயிட்டான்.

எமிலிக்கு மூணு நாள் கிடைச்சுது, ஐயரம்மா. அத யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டாம் நாள் அவன் கண் முழிச்சு அவ கையப் பிடிச்சு, ‘பயப்படாத, எமிலி’ன்னு சொன்னானாம். அவளே சொன்னா. எனக்கு ஒண்ணும் சொல்லல அவிய. காலைல வீட்டுலேருந்து இறங்கும்போது ‘வண்டி சாவி எங்க?’ன்னு கேட்டாவ. ‘கண்ணு முன்னால கெடக்கு, பாத்து எடுங்க’ன்னு நான் கத்துனேன். அதோட சரி. அதுதான் எனக்குக் கிடைச்ச கடைசி வார்த்தை. ஒரே வண்டியில போனாவ, ஒரே வேன்தான் அடிச்சுது, ஆனா அவளுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு.

காப்பி ஆறுது, குடிங்க.

சாயங்காலமே சுடலை போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னுட்டான். ஜெயசிங்கோட டிரைவர். ‘நான்தான் ஓட்டுனேன்’னு. ஊர் முழுக்கத் தெரியும் சுடலை அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தான்னு. தெரிஞ்சு என்ன, ஒருத்தனும் வாயத் திறக்கல. கமிட்டி மெம்பராச்சே. அடக்கத்துக்கு வந்து முன்வரிசையில நின்னான் அந்த ஜெயசிங், கர்சீப்ப வச்சு கண்ணத் தொடச்சுக்கிட்டு.

நான் விடல. எஸ்.பி. ஆபீஸ் எத்தனை தடவ, கலெக்டர் ஆபீஸ் எத்தனை தடவ. மனு எழுதி எழுதி அந்த எழுதிக் குடுக்கவன் என்னக் கண்டாலே பேப்பர எடுத்துருவான், பேரு கூட கேக்க மாட்டான். இந்த எமிலி என்ன செஞ்சா தெரியுமா? சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தா. ‘வாடி, ரெண்டு பேரும் போய் நின்னா பாக்கவன் மனசு இளகும்’னு கூப்பிட்டேன். ‘எனக்குத் தெம்பு இல்லக்கா, நீங்க போயிட்டு வாங்க’ன்னா. ஒருத்தி அலையணும், ஒருத்தி படுத்துக் கெடக்கணும். அலைஞ்சு அலைஞ்சு ஜெயசிங் பேர கேஸுல சேக்க வச்சது யாரு? நான். இத அவ உங்ககிட்ட சொன்னாளா? சொன்னாளா! சரி, சொல்லுவா. அதையும் மேடைக்கு மேடை சொல்லுவா. ‘எங்க பெரியக்காதான் எனக்கும் சேத்து அலைஞ்சாங்க’ன்னு. பெருந்தன்மைய காட்டணும்லா.

கோர்ட்டுல என்னையக் கூண்டுல ஏத்துனாங்க. யாரும் கண்ணால பாக்கல, அதுதான் கேஸுல ஓட்டை. நான் பாத்தேன்னு சொன்னேன்.

பாக்கலதான். ஆனா பாத்த மாதிரிதான். யாரு ஓட்டுனான்னு கர்த்தருக்குத் தெரியும், அவரு கூண்டுல ஏறி வந்து சாட்சி சொல்லப் போறது கிடையாது. அதனால நான் சொன்னேன். அந்த எதிர்க்கட்சி வக்கீல், வழுக்கைத் தலை, தேன் ஊத்துன மாதிரி பேசுவான். ‘எங்கம்மா நின்னு பாத்தீங்க?’ன்னு கேட்டான். ‘வளைவுப் பக்கத்து அடிபம்புல தண்ணி அடிச்சுக்கிட்டு நின்னேன்’னு சொன்னேன். ‘நல்லா ஞாபகம் இருக்காம்மா?’ ‘இருக்கு.’ ‘அந்தப் பம்பு ரிப்பேராகி எட்டு மாசம் ஆச்சேம்மா அப்போ?’ன்னு ஒரு பேப்பர எடுத்து நீட்டுதான். பஞ்சாயத்துல குடுத்த மனு. பம்ப சரி பண்ணித் தாங்கன்னு ஊர்ப் பொம்பளைக கையெழுத்துப் போட்ட மனு. முதல் கையெழுத்து என்னுது. தங்கஞானம், க/பெ பாக்கியநாதன். நான்தான் வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்குனேன். மறந்தே போச்சு.

கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜ் குனிஞ்சுக்கிட்டாரு. பின்னால பெஞ்சுல எமிலி உக்காந்திருந்தா. அவ சிரிக்கல. சிரிச்சிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். அவ அழுதா. எனக்காக அழுதா. அந்தப் பார்வை இருக்கே, அத என்னால இன்னைக்கும் பொறுக்க முடியல.

பொய்தான், நான் இல்லேங்கல. வேதப்புத்தகத்துல கைய வச்சுச் சொன்ன பொய்தான். ஆனா உண்மைக்காகச் சொன்ன பொய். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் கிடையாதா?

கேஸு படுத்துட்டு. ‘உங்களாலதாம்மா கெட்டுது’ன்னு அரசாங்க வக்கீல் மூஞ்சியிலயே சொல்லிட்டாரு. அப்போதான் லெந்து நோன்பு நாள் வந்துது. லெந்துல ஒரு நாள் மத்தியானம் ஜெயசிங் எமிலி வீட்டுக்குப் போனான். அவ கால்ல விழுந்தான். நான்தான் ஓட்டுனேன்னு அழுதான். இவ என்ன செய்யணும்? நாலு அறை குடுக்கணும். இல்லன்னா ஊரக் கூட்டணும். இல்லன்னா எதிர்த்த வீட்டுல மூத்தவ இருக்கா, அவளக் கூப்பிடணும். ஒண்ணும் செய்யல. செம்புல தண்ணி கொண்டு வந்து குடுத்தாளாம். குடுத்துட்டுச் சொன்னாளாம், ‘நான் மன்னிச்சுட்டேன் அண்ணாச்சி. ஆனா எங்கிட்ட சொன்னத ஜட்ஜ் ஐயாகிட்டயும் போய்ச் சொல்லிருங்க. சுடலை அண்ணனுக்கும் குடும்பம் இருக்குல்லா’ன்னு.

அவ்வளவுதான். வாய்தாவுக்குப் போன அன்னைக்கு அவனே எந்திரிச்சு, ‘நான்தான் ஓட்டுனேன், ஐயா. சுடலை மேல தப்பில்ல’ன்னுட்டான். ரெண்டு வருஷம் போட்டாங்க.

நான் ரெண்டு வருஷம் அலைஞ்சேன். வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சேன். கூண்டுல ஏறி மானம் போச்சு. இவ படுத்துக் கெடந்துட்டு எந்திரிச்சு ஒரு செம்புத் தண்ணி குடுத்தா, நியாயம் வந்துட்டு! மன்னிப்பும் அவளுக்கு, நியாயமும் அவளுக்கு. எனக்கு என்ன மிச்சம் சொல்லுங்க? நியாயமாவது எங் கையால வந்திருக்கக் கூடாதா?

பொறவு ஆரம்பிச்சுது கூத்து. மன்னித்த சகோதரின்னு பேரு. பெண்கள் ஐக்கிய சங்கத்துல பேசக் கூப்பிட்டாங்க. கன்வென்ஷன்ல பேசக் கூப்பிட்டாங்க. கார் வரும். வெள்ளைச் சேலைய உடுத்துக்கிட்டு அவ போவா, நானும் கூடப் போவேன், தனியா அனுப்ப முடியுமா. மேடையில இருந்து, ‘இவங்களோட ஓரகத்தியும் வந்திருக்காங்க’ம்பாங்க. ஓரகத்தி! எனக்கு ஒரு பேரு கிடையாதா? எம் புருசன் சாகலியா? மாசப் பத்திரிகையில படம் போட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து நின்ன படம். வெட்டிட்டாங்க. அவ முழுசா நிக்கா, அவ தோள்ல ஒரு கை மட்டும் இருக்கு பாருங்க, அது நான்.

நான் பொறாமைப்படுதேன்னு நினைக்காதீங்க. பொறாமையா எனக்கு? அவ சின்னவ. எங் கையால தலையில பூ வச்சுக் கூட்டிட்டு வந்தவ. அவ நல்லா இருந்தா எனக்குச் சந்தோசந்தான்.

சரி, பொறாமைதான். உங்ககிட்ட சொன்னா என்ன. ராவும் பகலும் எரியுது. அவ வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டா எரியுது. ஆலயத்துல அவ பக்கத்துல நின்னு பாட முடியல. அவ முகத்துல ஒரு அமைதி இருக்கு பாத்தீங்களா? அது எங்கேருந்து வந்துது? ரெண்டு பேருக்கும் ஒரே இழவு. அவளுக்கு மட்டும் எப்படி ராத்திரி தூக்கம் வருது?

ஜெயசிங் ஜெயிலேருந்து வந்து ரெண்டு வருஷம் ஆகுது. கமிட்டியில இல்ல, வேன் எல்லாம் வித்தாச்சு. ஞாயித்துக்கிழமை வந்து கடைசி பெஞ்சுல உக்காருவான். திருவிருந்துன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க, அவன் மட்டும் தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பான். ஐயர் கூப்பிட்டதுக்கு, ‘பெரியக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும் ஐயரே. அது வரைக்கும் எனக்கு அந்த அப்பம் தொண்டையில இறங்காது’ன்னானாம். யாரும் அவன் மேல போட்ட தண்டனை கிடையாது. அவனாப் போட்டுக்கிட்டது.

திருவிருந்து அன்னைக்கு என்ன ஆகும் தெரியுமா? சபை முழுக்க அவனப் பாக்கும், பொறவு என்னப் பாக்கும். எமிலிய இல்ல, என்னைய. மாசத்துக்கு ஒரு நாள். இந்த ஒண்ணாவது எனக்குன்னு இருக்குல்லா? இதையும் குடுத்துட்டா என்னைய யாரு திரும்பிப் பாக்கா?

நானா? நான் போவேன். மொத வரிசையில போய் முழங்கால் போடுவேன், வாங்குவேன். ஏன் அப்படிப் பாக்கீங்க, ஐயரம்மா? நான் யாரையும் வண்டி ஏத்திக் கொல்லலியே.

என்ன கேட்டீங்க? ‘இங்க வரவே இல்லையா’ன்னா? யாரு, ஜெயசிங்கா?

எமிலி சொல்லிட்டாளா?

சொல்லலியா. நீங்களாத்தான் கேக்கீங்களா. ஆமா, அவ சொல்ல மாட்டா. இத்தனை மேடையில பேசுனாளே, ஒரு மேடையிலயாவது சொன்னாளா? சொல்லல. அவளுக்குத் தெரியும், அவ சன்னலும் இந்தப் பக்கம்தான. எம் மானத்த மூடி வச்சிருக்கா. அதுவும் எனக்குப் பிடிக்கல.

வந்தான். அந்த லெந்து நாளன்னைக்கு முதல்ல இங்கதான் வந்தான். அவனுக்கு முறை தெரியும், பாத்துக்கிடுங்க. முதல்ல மூத்தவ வீட்டுக்குத்தான் வந்தான். தெரு முக்குல வரும்போதே பாத்துட்டேன். எதுக்கு வாரான்னு நடையப் பாத்தாலே தெரிஞ்சு போச்சு. உடனே கதவச் சாத்திட்டேன். கோபத்துல இல்ல. அழுக்குச் சேலையோட இருந்தேன். வெள்ளைச் சேலைய எடுத்து உடுத்தேன். தலைய ஒதுக்குனேன். வேதப்புத்தகத்த எடுத்து மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தேன். அவன் உள்ள வரும்போது நான் இப்படி இருக்கணும்னு நினைச்சேன்.

‘பெரியக்கா’ன்னு கூப்பிட்டான். கேட்டுக்கிட்டு இருந்தேன். வெளிய நல்ல வெயில். நிக்கட்டும்னு நினைச்சேன். அவிய ரோட்டுல கெடந்தது முக்கா மணி நேரம். அவ்வளவு நேரமாவது இவன் எங் கதவு முன்னால நிக்கணும்லா? அது நியாயம் இல்லையா? கொல்லச் சொன்னேனா? நிக்கத்தான சொன்னேன். அது கூட வாய் விட்டுச் சொல்லல. ‘பெரியக்கா, நான் ஜெயசிங்கு’ன்னான் ரெண்டாவது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. ஆனா எந்திரிக்கல. என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். மன்னிச்சிருப்பேன், ஐயரம்மா. சத்தியமா மன்னிச்சிருப்பேன். எமிலிய விட நல்லாச் சொல்லிருப்பேன். மூணாவது தடவ வெறுமன ‘அக்கா’ன்னான்.

நாலாவது தடவ கூப்பிட்டா எந்திரிச்சுருவேன்னு இருந்தேன்.

கூப்பிடல. பொறவு எதிர்த்த வீட்டுல தாழ்ப்பாள் சத்தம் கேட்டுது. அவன் கூப்பிடவே இல்ல அங்க. அவளாத் திறந்தா. எங் கதவு முன்னால ஒருத்தன் வெயில்ல நிக்கதப் பாத்து அவளாத் திறந்தா. எனக்கு வந்தத அவ வாங்கிட்டா. மடியில புத்தகத்தோட இங்ஙன உக்காந்துக்கிட்டு அவன் அங்க அழுத அழுகைய பூரா கேட்டேன்.

எத்தனை தரம்னாலும் மன்னிக்கணும்னு ஐயர் பிரசங்கம் பண்ணுதாவ. கேக்க வந்தவன் எத்தனை தரம் கூப்பிடணும்னு ஒரு பிரசங்கம் கிடையாதா? மூணு தரந்தான் கூப்பிட்டான். ரெண்டு உசுருக்கு மூணு தரம்.

இருங்க, எந்திரிக்காதீங்க. மாட்டேன்னு நான் சொல்லலியே. வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முந்தி, சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க. கதவு சாத்தித்தான் இருக்கும், அதுக்காகத் திரும்பிப் போயிரக் கூடாது. கூப்பிட்டுக்கிட்டே நிக்கணும். முக்கா மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட நிக்க வைக்க மாட்டேன். நான் உள்ளதான் இருப்பேன், திறந்துருவேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும், ஐயரம்மா. நீங்க அன்னைக்கு எமிலி வீட்டுக்குப் போய் அவ கூட உக்காந்துக்கிடுங்க. வெயில்ல ஒருத்தன் நிக்கதப் பாத்தா அவளுக்கு மனசு கேக்காது, செம்பத் தூக்கிட்டு வந்துருவா. கையப் பிடிச்சு வச்சுக்கிடுங்க. அந்த ஒரு நாளாவது அவ கதவத் திறக்க விட்டுறாதீங்க.